நீக்கப்பட்ட அந்த வீடியோவைப் பற்றி

கதிர்,

உன் தலைவரின் நாய்க்கடி வீடியோவைப் பற்றி அந்தத் தளத்துக்குப் புகார் கொடுத்தவள் நான்தான் என்பது இப்போது உனக்கும் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும், பாகூரில் பாதிப் பேருக்கும் தெரியும். "பெத்த புள்ள வேலையிலயே கை வெச்சிட்டாங்க டீச்சர்" என்று பால் சொசைட்டியில் யாரோ சொன்னதும் என் காதுக்கு வந்தது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அடுத்த வாரம் உனக்குக் கல்யாணம். அது முடிந்ததும் நீயும் சுகன்யாவும் அரியாங்குப்பத்து வாடகை வீட்டுக்குப் போய்விடுவீர்கள். தேர்தல் வருவதால் தலைவரின் எல்லா இணையப் பக்கங்களையும் இனி நீயே பார்த்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னாய். வீட்டில் பந்தல்காரர், சமையல்காரர், உறவுக்காரர் என்று ஓயாத நடமாட்டம். உட்கார்ந்து பேசலாம் என்றால் நீ ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுகிறாய். அதனால் எழுதுகிறேன். இது ரகசியக் கடிதம் இல்லை. உன்னைப் போல ஏதோ ஒரு தலைவருக்காக ராப்பகலாக ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருக்கும் உன் நண்பர்களுக்கும் தாராளமாகக் காட்டு. அவர்களும் யாரோ ஒரு அம்மாவின் பிள்ளைகள்தானே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ செய்யும் வேலையை நான் ஒருநாளும் மட்டமாக நினைத்ததில்லை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரு அரசியல்வாதியின் பின்னால் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறானே என்று உன் அப்பாதான் கொஞ்ச நாள் முணுமுணுத்தார். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, கை கால் கழுவும்போதே ஆரம்பிப்பார். நான் அவரிடம் சொன்னது இதுதான்: அந்த மனிதர் எம்எல்ஏவாக இருந்தபோதும் வந்தார், தோற்ற பிறகும் வருகிறார்; அப்படிப்பட்டவரோடு இருப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. புயல் மழையில் ஏரி நிரம்பி நம் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் அரிசிப் பையோடு வந்தவர் அவர். நம் பின்தெரு ஏழுமலையின் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனவரும் அவர்தான். பெரியவர் அப்புறம் நாலு வருஷம் நன்றாக இருந்துதான் போய்ச் சேர்ந்தார். ஏழுமலை வீட்டுக் கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தலைவர் படம் இருக்கிறது. யாரும் காசு கொடுத்து மாட்டச் சொன்ன படமில்லை அது. அந்த மனிதர் அந்த இடத்தைச் சம்பாதித்திருக்கிறார். அதனால்தான் அவர் வாயிலிருந்து வருகிற ஒரு சொல்லுக்கு அவ்வளவு கனம்.

அந்த வீடியோ வந்த அன்று காலையில் நான் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊர் குரூப்பில் வந்தது. தலைவர் மாட்டுக் கொட்டகை ஓரம் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் கன்றுக்குட்டி ஒன்று வைக்கோலை இழுக்கிறது, முன்னால் அம்மி. வெளிச்சமெல்லாம் அழகாக விழுந்திருந்தது. இது என் மகன் எடுத்தது என்று பார்த்த உடனே தெரிந்தது. அவர் ஒரு பச்சிலையைக் கையில் எடுத்துக் காட்டி, நாய் கடித்தால் இதை அரைத்துப் பூசிக்கொண்டு சாற்றை மூன்று வேளை குடித்தால் போதும், ஊசிக்காக அலைய வேண்டாம், நம் முன்னோர் எந்த ஊசியைக் கண்டார்கள் என்றார். அந்த இலையின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் கடிதத்தையும் யாராவது பாதி படித்துவிட்டு அதை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். நான் மல்லாட்டையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அந்த வாரம்தான் நம் ஊரில் நாய்த் தொல்லையைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வெறிநோய்க்கு அறிகுறி தெரிந்த பிறகு மருந்து இல்லை என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். தமிழ் டீச்சர்தான். ஆனாலும் அறிவியல் டீச்சர் பிரசவ லீவில் போனபோதெல்லாம் அந்த வகுப்பும் என் தலையில்தான் விழும்.

உனக்கு ஃபோன் செய்தேன். "நீ ஏம்மா என்கிட்ட மொதல்ல சொல்லல" என்று நீ பிறகு சண்டை போட்டாயே, அதற்காக அன்றைக்கு நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். நீ எடுத்தாய். பின்னால் ஒரே இரைச்சல்.

"அம்மா, மீட்டிங்ல கீறேன். சீக்கிரம் சொல்லு."

"அந்த வீடியோவ எடுத்துடுடா. ஊசி வேணாம்னு சொன்னா யாராவது போடாம இருந்துடுவாங்க."

"அது சும்மா பாரம்பரிய வைத்தியம்மா. யாரு அத நம்பி ஊசி போடாம இருக்கப் போறாங்க? நீ பாத்தியா எப்டிப் போவுதுன்னு? வெளிநாட்டுலருந்துலாம் ஷேர் பண்றாங்க."

"கதிரு, நான் சொல்றதக் கேளு."

"சாயந்தரம் பேசறேன்மா" என்று வைத்துவிட்டாய். சாயந்தரம் நீ பேசவில்லை. தலைவரின் எண்ணுக்கும் அடித்தேன். உதவியாளர் எடுத்து, ஐயா வில்லியனூரில் ஒரு திறப்பு விழாவில் இருக்கிறார் என்றார். விஷயத்தைச் சொன்னேன். "சொல்லிடறேன் டீச்சர்" என்றார். குரலிலேயே தெரிந்தது, சொல்ல மாட்டார் என்று. அதற்கப்புறம்தான் வீடியோவுக்கு மேலே இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, தவறான மருத்துவத் தகவல் என்று புகார் கொடுத்தேன். அழுத்தும்போது என் விரல் நடுங்கியது என்று சொன்னால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும். நடுங்கவில்லை. பரீட்சைத் தாளில் தப்பான விடைக்குச் சுழி போடுவதைப் போலத்தான் போட்டேன். அது என் பிள்ளையின் தாளாக இருந்ததில் மனசு கனத்தது, அவ்வளவுதான்.

என்னைப் போல இன்னும் எத்தனை பேர் அழுத்தினார்களோ, யார் பார்த்து முடிவெடுத்தார்களோ, எனக்குத் தெரியாது. மறுநாள் வீடியோ போய்விட்டது. அது இருந்த இடத்தில் விதிகளை மீறியதால் நீக்கப்பட்டது என்று ஒரு வரி. நான் நிம்மதியாகக் காபி போட்டுக் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் தலைவரின் பக்கத்தில் புதிய பதிவு ஒன்று வந்துவிட்டது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து: "மண்ணின் மருத்துவத்தைப் பேசினால் வாயைப் பூட்டுகிறார்கள். பூட்டப் பூட்டப் பேசுவோம்." கதிர், அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பூட்டப் பூட்டப் பேசுவோம் என்பது உன் நடை. பேச்சுப் போட்டிக்கு உன்னை நிற்க வைத்து, ஒரே சொல்லை இரண்டு முறை சொன்னால் கூட்டம் கைதட்டும் என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

நீக்கியது சரியா என்று உன் அப்பாவோடு நீ வாதாடியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒரு கம்பெனி, நம் ஊர் மக்கள் ஒரு காலத்தில் ஓட்டுப் போட்டு அனுப்பியவரின் பேச்சை எப்படி அழிக்கலாம் என்று கேட்டாய். நல்ல கேள்வி. நம் வாய்க்கால் மதகு உடைந்து கிடந்ததை அவர் படம் எடுத்துப் போட்டபோது, யாரோ வேண்டுமென்றே புகார் கொடுத்து அதையும் தூக்கிவிட்டார்கள். அது அநியாயம். அன்றைக்கு நானும் உன்னோடு சேர்ந்து திட்டினேன். மதகு, சாலை, தண்ணீர், யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதெல்லாம் பேசட்டும், ஏசட்டும், பதிலுக்கு மற்றவர்களும் ஏசட்டும். அதில் தப்பாகப் பேசினால் அடுத்த தேர்தலில் சரிசெய்துகொள்ளலாம். நாய்க்கடிக்கு அடுத்த தேர்தல் கிடையாது. ஊசி போட வேண்டிய நேரத்தில் போடாவிட்டால், அப்புறம் யார் வந்து மன்னிப்புக் கேட்டாலும் அந்த உடம்பு கேட்காது. அதுவும் சாதாரண ஆள் சொன்னால் பத்து பேர் சிரித்துவிட்டுப் போவார்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் சொன்னால் கேட்டு நடப்பார்கள். தலைவர் என்பதால் அவருக்குக் கூடுதல் சலுகை வேண்டும் என்றாய். தலைவர் என்பதாலேயே கூடுதல் கவனம் வேண்டும் என்பது என் கட்சி. இதில் நான் மாறப் போவதில்லை.

ஆனால் நீக்கியதோடு வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன் பார், அது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று ஏழுமலை எனக்குக் காட்டினான். அந்த வாரக் கடைசியில் அவன் மனைவி தனலட்சுமி விடிந்ததும் விடியாததுமாக நம் வாசலில் வந்து நின்றாள். தலைகூட வாரவில்லை.

"டீச்சர், செத்த வந்து சொல்லுங்க டீச்சர். நேத்து சாயந்தரம் கரும்புக் கொல்லையில நாய் கடிச்சிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு அடம் புடிக்கறாரு. அந்த நாயி இன்னிக்குக் காலையில வரப்புல செத்துக் கெடக்குதாம்."

செருப்புப் போட்டுக்கொண்டேனா இல்லையா என்றே நினைவில்லை. ஏழுமலை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கெண்டைக்காலில் பச்சையாக அப்பியிருந்தது. பக்கத்தில் சொம்பில் அதே இலைச் சாறு. என்னைப் பார்த்ததும் மரியாதையாகக் காலை மடக்கப் பார்த்தான். முடியவில்லை.

"ஏழுமல, எழுந்திரு. பெரிய டாக்டர் வர்ற நேரம், போயிடலாம்."

"இன்னாத்துக்கு டீச்சர்? அதான் மருந்து போட்டுக்கினேனே. தலைவரு சொன்ன மருந்து."

"அந்த வீடியோவயே எடுத்துட்டாங்க ஏழுமல. தப்புன்னுதான எடுத்தாங்க?"

அவன் சிரித்தான். "தப்பா இருந்தா விட்டு வெச்சிருப்பாங்க டீச்சர். உண்மையா இருக்கறதாலதான் எடுத்துட்டாங்க. ஊசி விக்கறவனுக்கு நஷ்டம் ஆவுமில்ல? தலைவரே போட்டிருக்காரே, வாயப் பூட்டறாங்கன்னு. எங்கிட்ட அந்த வீடியோ கீது, பாக்கறீங்களா?" என்று ஃபோனை எடுத்துக் காட்டினான். யாரோ முன்பே இறக்கி வைத்து குரூப்பில் விட்டிருந்தார்கள். கன்றுக்குட்டி வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தது. "இத எடுத்ததே ஒங்க புள்ளதான டீச்சர்? கதிரு தம்பி பொய்யி சொல்லுமா?"

முப்பது வருஷம் வகுப்பில் நின்ற குரலில், முதலில் அந்தப் பச்சையைக் கழுவு என்று மட்டும் அதட்டினேன். அதற்கு ஒப்புக்கொண்டான். தனலட்சுமி குழாயைத் திறந்துவிட, துணி சோப்பைப் போட்டு நான்தான் அவன் காலை நெடுநேரம் கழுவினேன். அவன் கூச்சப்பட்டு நெளிந்துகொண்டே இருந்தான். கழுவும்போதே பற்கள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கின்றன என்று தெரிந்தது. ராத்திரி தலைவர் ஆபீசிலேயே தங்கியிருந்த உனக்கு அங்கேயிருந்துதான் கூப்பிட்டேன்.

உனக்குச் சின்ன வயசில் நடந்த ஒன்று அப்போது என் மனசில் ஓடியது. ஆடி மாசத்தில் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது உன்னிடம் மைக்கைக் கொடுத்திருந்தார்கள். விளையாட்டாக, "கூழ் தீர்ந்துவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டாய். தூரத்துத் தெருவிலிருந்து தூக்குவாளியோடு வந்துகொண்டிருந்த பெண்கள் பாதி வழியிலேயே திரும்பிப் போய்விட்டார்கள். உன்னைத் திட்டியதும் நீ மறுபடி மைக்கைப் பிடித்து, "கூழ் இருக்கிறது, வாருங்கள்" என்றாய். யாரும் வரவில்லை. போனவர்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள், மைக் அங்கே எட்டவில்லை. உன் அப்பா உன் கையைப் பிடித்து ஒவ்வொரு வீடாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வைத்தார். நீ அழுதுகொண்டே போனாய். சில வீட்டில் சிரித்தார்கள், ஒரு வீட்டில் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் எல்லோரும் வந்தார்கள்.

ஃபோனில் நீ, "ஆம்புலன்ஸ் கூப்பிடும்மா, தூக்கிக்கினு போ" என்றாய். "அவன் ஆம்புலன்சுல ஏறமாட்டான்டா. எம் பேச்சயும் கேக்கல. ஒன் வீடியோவக் காட்றான். நீ வா" என்றேன். உடனே, "வரேன்" என்றாய். பேருந்து, லாரி நெரிசலையெல்லாம் தாண்டி நீ எவ்வளவு வேகமாக வந்திருப்பாய் என்று உன் சட்டை நனைந்திருந்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். அதற்குள் தெருப் பிள்ளைகள், கட்சிக்காரர்கள் என்று ஒரு சின்னக் கூட்டமே கட்டிலைச் சுற்றிக் கூடியிருந்தது. அவர்களுக்கு நடுவில் நீ போய் நின்றாய்.

"ஏழுமலண்ணே, கெளம்புண்ணே. வண்டி வெளிய நிக்குது."

"நீயுமா தம்பி? நீதான எடுத்த?"

"ஆமாண்ணே, நான்தான் எடுத்தேன். அது தப்புண்ணே."

கூட்டத்தில் ஒருவன், "இன்னா கதிரு, தலைவரு தப்பா சொல்லிட்டாருன்றியா?" என்று கேட்டான். நீ அவனைப் பார்க்கவில்லை. ஏழுமலையையே பார்த்துக்கொண்டு சொன்னாய்: "தலைவருக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாதுண்ணே. நான்தான் நெட்ல எதையோ பாத்து எழுதிக் குடுத்தேன். அவரு படிச்சாரு. டாக்டர் யாரையும் கேக்கல. நல்லா ஓடும்னு எழுதினேன்."

எனக்கே அது புதிது. நீ வீடியோ மட்டும்தான் எடுக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் உன் விரலிலிருந்து போனது என்று அப்போதுதான் தெரிந்தது. ஏழுமலை உன்னைப் பார்த்தபடியே இருந்தான். அவன் முகம் கோணியது. "நீ எழுதனதா அது?" என்றான். "ஆமாண்ணே." "அப்ப அதுல ஒரு மயிரும் இல்ல?" "இல்லண்ணே. அந்த நாயி செத்துப் போச்சு. ஒனக்கு ஏதாவது ஆயிட்டா நான் இந்தத் தெருவுல தலை காட்ட முடியாதுண்ணே. வாண்ணே." அவன் கையை நீட்டினான். உன்னை அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். உன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "தலைவரு பேர வெச்சு இன்னா வேணா எழுதுவியாடா நீ?" என்று கேட்டுக்கொண்டே நொண்டி நொண்டி வந்து உன் வண்டியில் ஏறினான். தனலட்சுமியை நான் ஆட்டோவில் அழைத்துக்கொண்டு பின்னால் வந்தேன்.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் காலைப் பார்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவியது நல்லது என்றார். ஊசியை அங்கேயே போட்டார். காயம் ஆழமாக இருந்ததால் காயத்தைச் சுற்றியே போட வேண்டிய இன்னொரு மருந்துக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கேயும் நீதான் அழைத்துப்போனாய், வரிசையில் நின்றாய், மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காயத்திலேயே ஊசி இறங்கும்போது ஏழுமலை உன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்த தடம் சாயந்தரம் வரை சிவந்திருந்தது. அடுத்தடுத்த ஊசிக்கும் சொன்ன நாளில் அவனைத் தவறாமல் கூட்டிக்கொண்டு போனாய். அவன் நன்றாக இருக்கிறான். நேற்றுகூடக் கரும்பு வெட்ட ஆள் பேசிக்கொண்டிருந்தான், உன் கல்யாணத்துக்கு வாழைமரம் தான்தான் கொண்டுவருவேன் என்று உன் அப்பாவிடம் சண்டை போட்டான்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது டீக்கடையில் உட்கார்ந்து, புகார் கொடுத்தது நான்தான் என்று உன்னிடம் சொன்னேன். நீ முதலில் சொன்ன அந்தச் சண்டையைப் போட்டுவிட்டு, டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். அதிலிருந்து என்னிடம் கேட்டதற்கு மட்டும்தான் பதில். என் மேல் நியாயமான கோபம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே சமயம் அது சின்னக் கோபம் என்றும் சொல்ல மாட்டேன். அம்மா தன் பக்கம்தான் நிற்பாள் என்று ஒரு பிள்ளை நினைப்பது இயற்கை. நான் உன் பக்கம்தான் நின்றேன், கதிர். ஏழுமலைக்கு ஏதாவது ஆகியிருந்தால் வாழ்நாள் முழுக்க நீ சுமக்க வேண்டியதை என்னால் முடிந்த அளவு தடுக்கப் பார்த்தேன். தாய் பக்கத்தில் நிற்பது என்றால், பிள்ளை நீட்டிய தாளுக்கெல்லாம் முழு மார்க் போடுவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தலைவருக்குப் பத்திரிகை வைக்கப் போனதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், அந்த அறையில் நீ தரையைப் பார்த்துக்கொண்டே நின்றதால் பாதியை நீ பார்த்திருக்க மாட்டாய். தாம்பாளத்தில் பத்திரிகை, பழம், வெற்றிலை எல்லாம் வைத்துக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு உட்காரச் சொன்னவர், நேராக என்னிடமே கேட்டார்.

"டீச்சர், நீங்க எனக்கு ஒரு ஃபோன் பண்ணி இருக்கலாமே. வெளியில போய்ப் புகார் குடுப்பானேன்?"

"பண்ணேன் ஐயா. நீங்க வில்லியனூர்ல இருந்தீங்க. சொல்லிடறேன்னாங்க. சொன்னாங்களா?"

அவர் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். உதவியாளர் சுவரைப் பார்த்தார்.

"சரி, போனது போவட்டும். அதான் எடுத்துட்டாங்களே."

"எடுத்தது ஏழுமலைக்குத் தெரியும் ஐயா. ஆனா அது தப்புன்னு நீங்க சொன்னது அவனுக்குத் தெரியாது. ஏன்னா நீங்க சொல்லவே இல்ல. வாயப் பூட்டறாங்கன்னுதான் சொன்னீங்க."

"எந்த ஏழுமல?" என்று கேட்டார். அவன் அப்பா பெயரைச் சொன்னேன். உடனே முகம் மாறிவிட்டது. "நெஞ்சுவலின்னு நம்ம வண்டியில... அந்தப் பெரியவரு புள்ளையா? அவனயா கடிச்சிது?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். இலையைப் பூசிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்ததையும், அவரை நம்பித்தான் ஊசி போட்டுக்கொள்ளமாட்டேன் என்று ஏழுமலை அடம் பிடித்ததையும். நீ எழுதிக் கொடுத்ததைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீயே வாயைத் திறந்து, "எழுதனது நான்தான் தலைவரே" என்று சொன்னாய். அவர் உன்னை ஒன்றும் சொல்லவில்லை. "படிச்சது நான்தானப்பா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வரிக்காக அவர் மேல் எனக்கு மறுபடி மரியாதை வந்தது. உதவியாளர்தான் குறுக்கே வந்தார், தப்பு என்று ஒத்துக்கொண்டால் எதிர்க்கட்சிக்காரன் அதையே வெட்டி ஒட்டிக் கிண்டல் செய்வான், தேர்தல் நேரம் என்று. "செய்யட்டும் ஐயா. ரெண்டு நாளைக்குச் சிரிப்பாங்க. அப்புறம் மறந்துடுவாங்க. இன்னொரு ஏழுமல செத்துட்டா யாரும் மறக்க மாட்டாங்க" என்றேன். நான் எதற்கும் குரலை உயர்த்தவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். சரியாக இருக்கும்போது உயர்த்த வேண்டியதில்லை.

அவர் அன்று சாயந்தரமே ஏழுமலை வீட்டுக்கு வந்தார். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக் காயத்தைப் பார்த்தார். அவன் பதறிப் போய்விட்டான். அங்கேயே உன்னைப் படம் பிடிக்கச் சொன்னார். எழுதிக் கொடுக்க வேண்டாம், நானே பேசுகிறேன் என்றார். "நான் சொன்னது தப்பு. நாய் கடிச்சா சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, போடச் சொன்ன ஊசி எல்லாத்தையும் போட்டுக்கங்க. என் வீடியோ உங்ககிட்ட இருந்தா அழிச்சிடுங்க" என்றார். வெளிச்சம் சரியில்லை, நடுவில் கோழி கத்தியது, நீ அதை வெட்டாமல் அப்படியே போட்டாய். நீ எடுத்ததிலேயே நல்ல வீடியோ அதுதான் என்று நான் சொல்வேன்.

முதல் வீடியோ ஓடிய அளவுக்கு இது ஓடவில்லை. உனக்கு அது ஏமாற்றமாக இருந்தது எனக்குத் தெரியும். எதிர்க்கட்சிக்காரர்கள் கிண்டல் செய்தார்கள், செய்துவிட்டு ஓய்ந்தார்கள். அதற்கப்புறம் நீ செய்ததுதான் எனக்குப் பெருமை. சுத்துக்கேணி, ஏம்பலம் என்று எந்தெந்த ஊர் குரூப்பில் பழைய வீடியோ சுற்றுகிறதோ, அந்த அட்மின்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அதை எடுத்துவிட்டு இதைப் போடச் சொன்னாய். சிலர் திட்டினார்கள், சிலர் கட்சி மாறிவிட்டாயா என்று கேட்டார்கள். நீ கூடத்தில் உலாத்திக்கொண்டே பொறுமையாகப் பதில் சொன்னதை நான் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் உன்னை அனுப்பவில்லை. அப்பா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகவும் இல்லை. நீயாகப் போனாய்.

இனி உனக்குச் சொல்ல எனக்கு நிறைய இல்லை. உடம்பைப் பற்றி எதுவும் எழுதும் முன் ஒரு டாக்டரைக் கேள். டாக்டர் கிடைக்காவிட்டால் எழுதாதே, அன்றைக்குத் தலைவர் பேசாமல் இருந்தால் ஊர் ஒன்றும் மூழ்கிவிடாது. தளம் ஏதாவது ஒன்றை நீக்கினால், முதலில் கோபப்படாமல் எதை நீக்கினார்கள் என்று பார். மதகு என்றால் சண்டை போடு, நானும் வருகிறேன். மருந்து என்றால், பூட்டுகிறார்கள் என்று எழுதுவதற்கு முன்னால் நாம் சொன்னது சரியா என்று பார். தப்பாக இருந்தால் அதைச் சொன்ன அதே வாய் சொல்லட்டும். பெண்டாட்டியிடமும் இதுதான். தப்பு என்றால் தப்பு என்று சொல்லிவிடு, அவளாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாதே.

கடைசியாக, சுகன்யா கேட்டதைப் பற்றி. நேற்று மத்தியானம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குக் கூப்பிட்டாள். கணக்கு டீச்சர் அல்லவா, சுற்றி வளைக்காமல் கேட்டாள். "அத்தை, எங்க வூட்ல இந்த வேல வேணாம்ன்றாங்க. வேற கம்பெனி வேல பாக்கச் சொல்லலாமான்னு கேக்கறாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?" என் பதிலை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தையே உட்கார்ந்து எழுதினேன். நீ என்னோடு சரியாகப் பேசாமல் இருக்கும் இந்த நாட்களில், நான் உன்னை அந்த வேலையிலிருந்து விரட்டப் பார்க்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். நான் அவளிடம், "விடச் சொல்லாதம்மா" என்றேன். "அவன் விட்டா அந்த எடத்துக்கு இன்னொருத்தன் வருவான். அவனுக்கும் நல்லா எழுதத் தெரியும், நல்லா வீடியோ எடுக்கத் தெரியும். ஏழுமலை வூடு எங்க இருக்குன்னு மட்டும் தெரியாது."

அன்புடன்,
அம்மா